வாடைக்கு முன்னும் பின்னும்: பாக் விரிகுடாச் சேற்றில் அமோனியத்தின் பருவம் எது?

கண்டனூர் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். ஆய்வுத் திட்டத்திற்காகத் தொண்டிக்குச் சற்றுத் தெற்கே, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு நெகிழிக் குழாயைக் கடலடிச் சேற்றுக்குள் அழுத்தி, மண்ணை அப்படியே தூணாக எடுத்து, அடுக்கடுக்காக நறுக்கி, ஒவ்வோர் அடுக்கின் ஊற்றுநீரிலும், அதாவது மண் துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் நீரிலும், அமோனியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் ஒரே இடத்தில் எடுத்தேன்.

புரட்டாசித் தூணில் மேற்பரப்பில் இருந்த வெளிர்பழுப்பு நிறம் நகக்கண் அளவுகூட இல்லை. அதற்குக் கீழே அடுப்புக்கரியைப் போன்ற கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். பீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்துச் சோதித்தபோது (நீலம் அடர்ந்தால் அமோனியம் மிகுதி என்று பொருள்) முதல் அடுக்கின் நீரே கருநீலமாகிவிட்டது. தை மாதத் தூணில் பழுப்பு அடுக்கு இரண்டு விரற்கடைக்கு இறங்கியிருந்தது. மேலடுக்குகளின் நீலம் வெளிறிப்போய், நான்கைந்து விரற்கடைக்குக் கீழேதான் பழைய அடர்த்தி வந்தது.

பாடநூல்கள், கோடையில் வெப்பம் ஏறுவதால் சேற்றில் அமோனியம் மிகும், குளிர்காலத்தில் குறையும் என்கின்றன. ஆனால் அந்த நூல்கள் குறிப்பிடும் கடல்களில் கோடைக்கும் குளிருக்கும் 15, 20 பாகை வேறுபாடு இருக்கிறது. நம் கரையில் நான்கைந்து பாகைதான் மாறுகிறது. இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருமா, அல்லது நான் வேறு எதையோ காணத் தவறுகிறேனா என்பதே என் கேள்வி.

தேவகோட்டை ஆசிரியை:

தம்பி, கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். கடல் என் துறை அன்று. ஆனாலும் இந்தச் சுழற்சியை நம் வயலிலிருந்து தொடங்கினால் எளிதில் பிடிபடும் என்பதால் எழுதுகிறேன்.

சேற்றில் விழும் இலை, பாசி, இறந்த உயிரி எதுவானாலும் அதிலுள்ள புரதத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது முதலில் வெளிவருவது அமோனியம். இதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. ஆகவே கறுப்புச் சேறு அமோனியத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்த அமோனியம் மேலே ஏறி, ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கை அடையும்போது வேறு வகை நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. அந்த நைட்ரேட்டின் ஒரு பகுதி மறுபடி கீழே, ஆக்சிஜன் இல்லாத இடத்திற்கு இறங்கும்போது, அங்குள்ள உயிரிகள் அதை மூச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டு நைட்ரஜன் வாயுவாக வெளிவிட்டுவிடுகின்றன. மேலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை. இரண்டும் மில்லிமீட்டர் இடைவெளியில் நடக்கின்றன.

நெல் வயலிலும் நடப்பது இதுதான். தண்ணீர் நிற்கும் வயலில் யூரியாவைத் தூவிவிட்டு, நீரை வடித்துக் காயவிட்டு, மறுபடி கட்டினால், போட்ட உரத்தில் பெரும்பங்கு காற்றோடு போய்விடுகிறது. 2015 முதல் நம் நாட்டில் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று ஆக்கியதற்கு ஒரு காரணம், அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் அந்த நுண்ணுயிரிகளின் வேகத்தை வேம்பு மட்டுப்படுத்துகிறது என்பதே. அமோனியம் நைட்ரேட்டாகும் வாசலை ஒடுக்கிவிட்டால் அதற்குப் பிறகான இழப்பும் குறைகிறது.

இப்போது உங்கள் புரட்டாசித் தூணைப் பாருங்கள். அங்கே வேம்பின் வேலையைச் செய்வது எது? அந்த அழுகிய முட்டை நாற்றமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரான்:

ஆசிரியை அம்மா சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்கள். நான் வட ஜெர்மனியில் கரையோரச் சேற்றைப் பற்றிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிறந்த ஊர் பள்ளத்தூர்.

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீரில் சல்பேட் மிகுதி. ஆக்சிஜன் தீர்ந்தபின் சேற்று நுண்ணுயிரிகள் சல்பேட்டைக் கொண்டே மூச்சுவிடுகின்றன. அதன் கழிவே சல்பைடு. இது நைட்ரேட்டாக்கும் உயிரிகளுக்கு நஞ்சு. ஆகவே சல்பைடு மேற்பரப்பு வரை ஏறிவிட்ட சேற்றில் அமோனியத்திற்குப் போக்கிடம் இல்லை. அது நேரே மேலேறி நீரில் கலந்துவிடும். ஊருணி நன்னீரில் சல்பேட் குறைவு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இராது.

நான் இருக்கும் பக்கத்தில் பருவம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் படித்த நூல்கள் இந்தக் கடல்களிலிருந்தே எழுதப்பட்டவை. பால்டிக் கரையில் போக்னிஸ் எக் என்ற இடத்தில் 1957 முதல் தொடர்ந்து நீரை அளந்து வருகிறார்கள்; ஆழம் 28 மீட்டர். இளவேனிலில் மிதவைப் பாசிகள் ஒரேயடியாகப் பெருகி, இறந்து, கடலடியில் வந்து படிகின்றன. கோடையில் மேல்நீர் சூடாகி, கீழே உள்ள குளிர்ந்த, உப்பு மிகுந்த நீரின் மேல் மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. கீழ்நீருக்குக் காற்றுத் தொடர்பே இல்லை. சேறோ படிந்த பாசியைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது ஆக்சிஜன் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்துவிடும். அப்போது அமோனியம் வெள்ளமாக வெளியே வரும். பிறகு புயல்கள் வந்து நீரைக் கலக்கியபின் எல்லாம் மறுபடி தொடங்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் இதே ஒழுங்குதான்: இளவேனிலில் நைட்ரேட்டாக்கமும் வாயுவாக்கமும் கைகோத்து நன்றாக நடக்கின்றன, கோடை நடுவில் ஆழ்கால்வாயில் ஆக்சிஜன் அற்றுப்போனதும் அந்தத் தொடர் அறுந்து, அமோனியம் மட்டும் மிஞ்சுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வெப்பம் இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதே. ஒன்று, சிதைவின் வேகத்தைக் கூட்டுவது; 10 பாகை ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும். மற்றொன்று, ஆக்சிஜனின் கரைதிறனைக் குறைப்பது. 10 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 பாகையிலோ 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். நம் கரைக் கடல் ஆண்டு முழுவதும் இந்தக் கடுங்கோடை நிலையிலேயே நிற்கிறது. சிதைவு எப்போதும் வேகமாக நடக்கிறது, ஆக்சிஜன் எப்போதும் குறைவாகவே கரைகிறது. ஆகவே நம் சேற்றில் பருவத்தை உண்டாக்குவது, ஆக்சிஜன் சேற்றை எந்த அளவுக்குச் சென்று சேர்கிறது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதைத் தீர்மானிப்பது நம் ஊரில் காற்றும் மழையும். வெப்பமானிக்கு அதில் சிறு பங்கே உண்டு.

நம்புதாளைக் கரை:

கடலைப் பற்றிப் பேசுவதால் நானும் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டுப்படகில் நண்டுவலை போடும் குடும்பம். நான் மட்டும் காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர் அண்ணன் சொன்ன மூடிபோன்ற நீரெல்லாம் எங்கள் கடலில் இல்லை. இந்தக் கடலில் சராசரி ஆழமே 9 மீட்டர் அளவுதான். கரையிலிருந்து வெகுதூரம் இறங்கி நடக்கலாம். இராமேசுவரம் பக்கத்தில் இதைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும். எங்கள் பக்கம் நிலம் மறைப்பதால் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று பிடித்தபிறகு நிலைமை தலைகீழ். மார்கழி வரை நீர் கலங்கலாகவே இருக்கும், வலையைத் தூக்கினால் கண்ணிக்குக் கண்ணி சேறு அப்பியிருக்கும்.

ஆகவே மாணவத் தம்பி புரட்டாசியில் எடுத்த சேறு, பல மாதம் அசையாமல் கிடந்த சேறு. தையில் எடுத்தது, மூன்று மாதம் காற்று புரட்டிப்போட்ட சேறு. எங்கள் அப்பா இதை ஒரே சொல்லில் சொல்வார்: "வாடை கடலை உழுதுவிட்டுப் போகும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி எடுத்த இடத்தில் கடற்புல் இருந்ததா, இல்லையா? புல் உள்ள இடத்துச் சேறும் வெறும் சேறும் ஒன்றல்ல. புல்லைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி மண் செம்பழுப்பாக இருக்கும். ஒரு முழம் தள்ளித் தோண்டினால் அதே ஆழத்தில் கறுப்பு. 2022-ஆம் ஆண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்ததே இந்தப் புல்வெளிக்காகத்தான்.

பள்ளத்தூரான்:

நம்புதாளை அண்ணன் சொன்னது என் பதிவு முழுவதையும்விடக் கனமானது. வேரைச் சுற்றியுள்ள அந்தச் செம்பழுப்பு, கடற்புல் தன் வேர் வழியே கசியவிடும் ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கிய தடம். பகலில் இலை உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜன் வேருக்கு இறங்குகிறது, இரவில் மிகவும் குறைந்துவிடுகிறது. கூடவே அதே வேர் அமோனியத்தை நேரடியாக உறிஞ்சி உணவாக்கிக்கொள்கிறது. ஒளி அடிவரை எட்டும் ஆழமற்ற கடலில், புல் இல்லாத இடத்திலும் சேற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் இதையே செய்யும். ஆகவே பாக் விரிகுடாவில் பருவச் சுழற்சியைப் போலவே பகலிரவுச் சுழற்சியும் பெரிது. இரண்டு தூண்களையும் ஒரே நேரத்தில் எடுத்தீர்களா?

கண்டனூர் மாணவன்:

புரட்டாசியில் எடுத்தது அதிகாலை ஆறு மணிக்கு, தையில் எடுத்தது பிற்பகல் மூன்று மணிக்கு. இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. இடம் புல் இல்லாத வெறும் சேறு. ஆனால் தைத் தூணை நெடுக்காகப் பிளந்தபோது, கறுப்பு அடுக்குக்குள் பென்சில் தடிமனில் ஒரு புழுவின் வளை இறங்கியிருந்தது. வளையின் சுவர் முழுவதும் துருநிறத்தில், நூல் பிடித்ததுபோல் ஓரம் கட்டியிருந்தது. புல்லின் வேரைப் போலவே அந்த வளையும் ஆக்சிஜனைக் கீழே இறக்கியிருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

மீமிசல் இறால் பண்ணை:

நான் வனாமி இறால் வளர்ப்பவன். நீங்கள் கடலில் ஓராண்டில் பார்ப்பதை நாங்கள் குளத்தில் நான்கு மாதத்தில் பார்க்கிறோம். மிஞ்சிய தீவனமும் கழிவும் குளத்தின் நடுவில் குவிந்து கறுத்துப்போகும். காற்றூட்டும் சக்கரம் ஓடும்வரை அமோனியா அடங்கியிருக்கும். இரவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் சக்கரம் நின்றால், மறுநாள் சோதனைக் குப்பியின் நிறமே மாறிவிடும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம்: அமோனியத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, நீரின் பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். பி.எச். 8 அளவில், 30 பாகை வெப்பத்தில், மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே நஞ்சான அமோனியா வடிவில் இருக்கும். பாசி மிகுந்து பிற்பகலில் பி.எச். 9 ஆகிவிட்டால் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். அறுவடைக்குப்பின் குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு போடுகிறோம். வாடை கடலை உழுகிறது என்று அண்ணன் எழுதியதைப் படித்தவுடன் எங்கள் குளம்தான் நினைவுக்கு வந்தது.

கண்டனூர் மாணவன்:

நன்றி ஐயா. என் மனதில் மற்றொரு எண்ணம் ஓடுகிறது. நம் செட்டிநாட்டு மண் செம்மண்ணும் சரளையும், இரும்பு மிகுந்தது. வடகிழக்குப் பருவமழையில் பாம்பாறு போன்ற சிற்றாறுகள் இந்தச் செம்மண்ணைக் கடலுக்குக் கொண்டு சேர்க்குமானால், அதிலுள்ள இரும்பு சல்பைடைப் பிடித்து இரும்புச் சல்பைடாகக் கட்டிப்போடும். சல்பைடு கட்டுப்பட்டால் நைட்ரேட்டாக்கும் உயிரிகள் பிழைக்கும். அப்படியானால் தையில் அமோனியம் குறைந்ததற்கு நம் ஊர் மண்ணே ஒரு காரணம் என்று சொல்லலாமா?

சாக்கோட்டைக் கண்மாய்:

வேதியியல் எனக்குத் தெரியாது. தண்ணீர் போகும் வழி தெரியும். உங்கள் எண்ணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது தம்பி. நம் பக்கத்தில் மழைநீர் நேரே கடலுக்குப் போவதில்லை. ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய் நிறைந்து, அதற்கடுத்தது நிறைந்து, இப்படிச் சங்கிலித்தொடராக இறங்கிய பிறகு மிஞ்சினால்தான் கடலுக்கு. பல ஆண்டுகளில் கடைசிக் கண்மாய் மறுகால் பாய்வதே இல்லை. செம்மண் ஒவ்வொரு கண்மாயின் அடியிலும் வண்டலாகத் தங்கிவிடுகிறது. அந்த வண்டலைத்தான் நாங்கள் கோடையில் அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். ஆற்றில் வெள்ளம் போன ஆண்டா, போகாத ஆண்டா என்று பார்க்காமல் செம்மண்ணைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

தேவகோட்டை ஆசிரியை:

இந்தப் பதிவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. கண்மாய்களின் சங்கிலி வண்டலைத் தடுக்கிறது என்றால், உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டையும் தடுக்கிறது என்றே பொருள். நீர் தேங்கி நிற்கும் கண்மாய்ச் சேற்றில் அந்த நைட்ரேட் வாயுவாகிப்போக வாய்ப்பு மிகுதி. நம் முன்னோர் தண்ணீருக்காக வெட்டிய கண்மாய்கள், கடலுக்குப் போகும் நைட்ரஜனையும் வழியில் வடிகட்டிக்கொண்டிருக்கின்றன. மணல் எடுத்தும் கரை உடைத்தும் கண்மாய்களைக் கெடுக்கும்போது, பாதிப்பு தொண்டிக் கடலில்கூடத் தெரியும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. இது எனக்கு உண்மையான வருத்தம்.

பள்ளத்தூரான்:

இரும்பைப் பற்றிய எண்ணத்தின் வேதியியல் சரி, வழி மட்டுமே ஐயத்திற்குரியது. வாடை பழைய கறுப்புச் சேற்றைப் புரட்டும்போதே அதில் ஏற்கெனவே இருக்கும் இரும்புச் சல்பைடு ஆக்சிஜனைச் சந்தித்து மறுபடி துருவாகிவிடும். அதுவே அடுத்த சில வாரங்களுக்குச் சல்பைடைப் பிடிக்கும் வலையாகும். ஆகவே புதிய செம்மண் வராவிட்டாலும் இந்த வேலை நடக்கும்.

இனி ஒரு கடுமையான சொல். தையில் நீலம் வெளிறியது என்பதாலேயே நைட்ரஜன் வாயுவாகிப் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். அமோனியம் குறைவதற்கு வேறு வழிகளும் உண்டு. அலை சேற்றைக் கிளப்பியபோது ஊற்றுநீரிலிருந்த அமோனியம் அப்படியே கடல்நீரில் கலந்திருக்கலாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது கடலடிச் சேறு கரைக்கே வந்து குவிந்ததை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள், அப்படிப்பட்ட நாளில் எத்தனை மாதச் சேமிப்பு ஒரே இரவில் வெளியேறியிருக்கும் என்று எண்ணுங்கள். அல்லது, மழையால் கரைநீரின் உப்பு குறைந்திருக்கும்போது களிமண் கூடுதல் அமோனியத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டிருக்கலாம். உப்பு மிகும்போது சோடியம் போட்டியிட்டு அதை விடுவிக்கும். குறையும்போது அமோனியம் மண்ணோடு ஒட்டும். ஊற்றுநீரை மட்டும் பார்த்தால் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடற்சேற்றில் ஒட்டியிருக்கும் அளவு, கரைந்திருக்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருப்பது வழக்கம். ஆகவே ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பகுதியைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி, ஒட்டியதையும் சேர்த்து அளவிடுங்கள்.

மேலும், நைட்ரேட் கீழிறங்கினால் வாயுவாகத்தான் போகும் என்பதும் இல்லை. சல்பைடும் சிதையும் பொருளும் மிகுந்து நைட்ரேட் அரிதாக உள்ள சேற்றில், சில உயிரிகள் நைட்ரேட்டை மறுபடி அமோனியமாகவே திருப்பிவிடுகின்றன. அப்போது நைட்ரஜன் கடலை விட்டுப் போவதே இல்லை. எது நடக்கிறது என்று தெரிய, எடை சற்று மிகுந்த நைட்ரஜன்-15 அணுக்களை அடையாளமாக இட்டுப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அது செலவு மிகுந்த வேலை, முதுகலைத் திட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூடிய தூணின் மேல் கடல்நீரை நிறுத்தி, ஒளியில் சில மணி நேரம், இருளில் சில மணி நேரம் வைத்து, மேல்நீரில் அமோனியம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது உங்களால் இயலும். அதில் கிடைக்கும் விடை, இருப்பை மட்டும் அளப்பதைவிடப் பயன் மிக்கது.

சல்பைடு மிகுந்த நீரில் உங்கள் நீலச் சோதனை பிழையான அளவைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கறுப்பு அடுக்கின் நீரை நன்றாக நீர்க்கச்செய்த பிறகே சோதியுங்கள்.

ஆக்சிஜனை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளக்கும் ஊசிமுனை மின்வாய்களை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் சேற்றில் இறக்கிக் காட்டினார்கள். அது முழுக்க முழுக்க மின்வேதியியல் கருவி. 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட காரைக்குடியிலிருந்து, தொண்டிச் சேற்றுக்கென்றே அப்படியொரு மின்வாயைச் செய்து பார்க்க யாரேனும் முன்வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

கண்டனூர் மாணவன்:

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசித் தூணின் நீரை அன்றே சோதிக்க முடியவில்லை. ஆய்வுக்கூடம் மாலையில் பூட்டிவிட்டதால் குப்பிகள் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டி இல்லாமல் வெளியே இருந்தன. வடிகட்டாத நீரில் சிதைவு தொடர்ந்து நடந்து அமோனியம் கூடியிருக்கும் என்பதை இப்போது உணர்கிறேன். ஆகவே என் முதல் அளவுகளை நான் கைவிடுகிறேன். நிறம், நாற்றம், பழுப்பு அடுக்கின் தடிமன் ஆகிய குறிப்புகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். ஆனியில் கடல் அசையாத நாட்களில் ஒன்று, புரட்டாசியில் வாடைக்கு முன் ஒன்று, கார்த்திகையில் நடுவாடையில் ஒன்று, மாசியில் ஒன்று என நான்கு முறை; ஒவ்வொரு முறையும் புல்லுள்ள இடத்திலும் வெறும் சேற்றிலும்; விடியற்காலையிலும் பிற்பகலிலும். சாக்கோட்டை ஐயா, இந்த ஆண்டு கடைசிக் கண்மாய் மறுகால் பாய்ந்ததா என்று நீங்கள் சொன்னால் குறித்துக்கொள்வேன். நம்புதாளை அண்ணன், கார்த்திகையில் தனியாகக் கடலில் இறங்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

நம்புதாளைக் கரை:

நடுவாடையில் இறங்கவே கூடாது, தம்பி. காற்று இரண்டு மூன்று நாள் ஓயும் இடைவெளி ஒன்று இடையில் வரும்; அப்பா சொல்லுவார், நான் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். வற்றம் இருக்கும் காலை நேரமாகப் பார்த்து எங்கள் படகிலேயே போகலாம். குளிர்ப்பெட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நண்டுக்கு வைத்திருக்கும் பனிக்கட்டிப் பெட்டியில் உங்கள் குப்பிகளுக்கும் இடம் இருக்கும்.